சத்தம் போனது, நோய் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் குறட்டை பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. குறட்டையை அலட்சியப்படுத்தாதீர்கள், இப்போது நிறைய சிகிச்சைகள் வந்துவிட்டன என்று எழுதியிருந்தார்கள். நல்ல விஷயம்தான். அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு விளம்பரம்: 'குறட்டைக்கு உடனடித் தீர்வு. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம்.' மேலே படித்துப் பயந்தவர் கண்ணைக் கீழே இறக்கினால் நேராகப் போன் நம்பரில்தான் போய் நிற்கும். அப்படிக் கண்ணை இறக்கி நம்பரைக் குறித்துக்கொண்டவள் நான். இந்த வாரம் இல்லை, 2017-ல். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் அருப்புக்கோட்டைக்காரி. அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுக்காரர் நூற்பாலையில் 31 வருஷம் வேலை பார்த்தவர். மில்லில் பகலெல்லாம் கேட்ட சத்தத்தை ராத்திரி வீட்டில் கொண்டுவந்து இறக்குகிறான் என்று என் மாமியார் சொல்வார். தெருவில் அவருக்குக் கும்பகர்ணன் என்றே பெயர். கும்பகர்ணனாவது ஆறு மாதம் ஒழுங்காகத் தூங்கினான். இவர் எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தும் தூங்கவே இல்லை என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியாது.

சோற்றில் கை வைத்தபடியே கண் சொருகும். பாங்கில் டோக்கனோடு உட்கார்ந்தவர், நம்பர் கூப்பிட்டது தெரியாமல் தூங்கி, வெறுங்கையோடு திரும்பி வருவார். 2016-ல் பாளையம்பட்டி ரோட்டில் மொபெட் ஓட்டிக்கொண்டே தூங்கிப்போய் சீமைக்கருவேல முள்ளுக்குள் இறங்கிவிட்டார். எதிரே லாரி வராதது யார் செய்த புண்ணியமோ. அப்போது போய்ப் பார்த்த டாக்டரிடம் "ராத்திரி தூக்கம் சரியில்லை" என்றோம். அவர் அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார். குறட்டை விடுவாரா என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. குறட்டையை யார் டாக்டரிடம் சொல்வார்கள்?

எங்கள் வீட்டுக்காரருக்கு இருந்தது ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். அந்த மாத்திரை இந்த நோய்க்காரருக்கு என்ன செய்யும் என்பது பிறகுதான் புரிந்தது. தூங்கும்போது தொண்டைத் தசை தளரும். சிலருக்கு அது காற்றுப் பாதையை அடைக்கும் அளவுக்குத் தளர்ந்துவிடும். மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறித் தட்டி எழுப்பும். அரைகுறையாக விழித்து, ஒரு பெரிய உறுமலோடு காற்றை இழுத்துவிட்டு மறுபடி தூங்குவார்கள். இது விடிய விடிய நடக்கும். தூக்க மாத்திரை ஏற்கெனவே தளர்ந்த தசையை இன்னும் தளர்த்துவதோடு, தட்டி எழுப்பும் அந்தக் கையையும் கட்டிப்போட்டுவிடலாம். சாராயமும் அப்படித்தான்.

சரி, விளம்பரத்துக்கு வருகிறேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். உள்நாக்கு நீளமாக இருக்கிறது, மேலண்ணத்தில் சதை தொங்குகிறது, இரண்டையும் குறைத்துவிட்டால் சத்தமே வராது என்றார். பத்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. தூக்கப் பரிசோதனை என்று ஒன்று இருப்பதை யாரும் வாயெடுக்கவில்லை. மாலையில் வீடு திரும்பலாம் என்றவர்கள் நான்காம் நாள்தான் அனுப்பினார்கள். பில் 68,000 ரூபாய்.

பன்னிரண்டாம் நாள் ரசம் சாதத்தைக் கரைத்து டம்ளரில் கொடுத்தேன். ஒரு மடக்கு விழுங்கினார். உடனே டம்ளரை வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் ரசம் வடிந்தது. மிளகு ரசம் மூக்கு வழியாக வந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கண்ணில் தண்ணீர் கொட்ட அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாம் விழுங்கும்போது மேலண்ணத்தின் பின்பகுதி எழும்பி, மூக்குக்குப் போகும் வழியைக் கதவு மாதிரி அடைக்கிறது. எட்டாம் வகுப்புக்குப் படம் வரைந்து நானே நடத்திய பாடம் அது. அந்தக் கதவில்தான் ஒரு துண்டைக் குறைத்திருக்கிறார்கள். பேச்சும் மாறியது. 'ப' எல்லாம் 'ம' மாதிரிக் கேட்டது. பழம் என்றால் 'மழம்'. அப்போது யூகேஜி படித்த பேத்தி, "தாத்தா, மழம் இல்ல, பழம்" என்று திருத்துவாள். அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. பேச்சு நாலைந்து மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. தண்ணீர் மட்டும் இன்றைக்கும் அண்ணாந்து குடிக்க மாட்டார், குனிந்துதான்.

இப்படியெல்லாம் ஆகலாம் என்று கையெழுத்து வாங்கிய தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்ததாம். இருக்கலாம். இது கூட எனக்குப் பெரிய குறையில்லை. பெரிய குறை வேறு.

குறட்டை நின்றுவிட்டது. சுத்தமாக. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல்முறையாக நான் விடியும்வரை அசையாமல் தூங்கினேன். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் அந்த மருத்துவமனையைச் சிபாரிசு செய்தேன். அவருடைய பகல் தூக்கம் மட்டும் குறையவில்லை. ரிட்டையர் ஆன மனுஷன், வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

பதினான்கு மாதம் கழித்து ஒருநாள் பின்னிரவு, மழைக்கு ஜன்னலைச் சாத்த எழுந்தேன். ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் அவர் வயிறு ஏறி இறங்குவது தெரிந்தது. ஆனால் ஏதோ சரியில்லை. பக்கத்தில் போய் மூக்கருகே புறங்கையை வைத்தேன். காற்றே இல்லை. வயிறு மட்டும் ஏறி ஏறி இறங்குகிறது, மூடிய கதவை உள்ளே இருந்து ஒருவர் தள்ளுவது போல. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து எண்ணினேன். 34 நொடி. அப்புறம் 'க்ளுக்' என்று ஒரு சின்னச் சத்தம், நாலு மூச்சு. மறுபடி நின்றது. 27 நொடி. மறுபடி. விடியும்வரை உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தேன்.

சத்தம் போட்டது உள்நாக்கும் மேலண்ணமும். அவற்றைக் குறைத்தார்கள், சத்தம் நின்றது. ஆனால் அவருக்கு அடைப்பு அதற்கும் கீழே, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரியும் இடத்தில். மாட்டின் கழுத்து மணியைக் கழற்றிவிட்டு மாடு பத்திரமாக இருக்கிறது என்று நம்பியது போல ஆகிவிட்டது எங்கள் கதை. குறட்டை கேட்டவரைக்கும் மூச்சு எப்போது நின்றது, எப்போது திரும்பியது என்று அரைத் தூக்கத்திலாவது எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அந்த 14 மாதமும் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு நுரையீரல் டாக்டரிடம் போனோம். தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டி ஒரு ராத்திரி முழுக்கப் படுக்கவைத்து எடுக்கும் தூக்கப் பரிசோதனை அப்போதுதான் நடந்தது. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு 10 நொடிக்கு மேல் நிற்கிறது அல்லது குறைகிறது என்பது கணக்கு. ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 30-ஐத் தாண்டினால் கடுமை. இவருக்கு 41. ஆக்சிஜன் 72 சதவீதம் வரை இறங்கியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று டாக்டர் கேட்டார். யார் எண்ணினார்கள், சொல்ல?

அந்த ஆபரேஷனே தப்பு என்று அவர் சொல்லவில்லை. அடைப்பு எங்கே என்று பார்த்து, ஆள் பார்த்துச் செய்தால் சிலருக்குப் பலன் உண்டு, ஆனால் முன்னும் பின்னும் பரிசோதனை எடுக்காமல் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதுதான் என்றார். பிறகு தேடிப் படித்ததில் ஒன்று தெரிந்தது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகர டாக்டர் ஷிரோ ஃபுஜிடா இந்த ஆபரேஷனை விவரித்து எழுதியதும், சிட்னியில் காலின் சல்லிவன் மூக்கு வழியாக அழுத்தக் காற்று செலுத்தும் சி-பேப் முறையை வெளியிட்டதும் ஒரே வருஷம், 1981. சல்லிவன் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்து ஆரம்பித்தவர். அதற்கு முன்னால் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி. இரண்டு பாதையும் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. நாங்கள் விளம்பரம் இருந்த பாதையில் போனோம்.

இப்போது ஏழு வருஷமாக இவர் சி-பேப் மிஷின் போட்டுத்தான் தூங்குகிறார். மிஷின் 52,000, மாஸ்க் தனி. மூக்குத் தண்டில் புண், காலையில் வாய் வறட்சி, காற்றை விழுங்கி வயிறு உப்பி ஏப்பம், இதெல்லாம் முதல் இரண்டு மாதம் படுத்தியது. மாஸ்க் அளவை மாற்றியதில் பாதி போயிற்று. இன்று அவர் உங்கள் பேப்பரைத் தூங்காமல் கடைசிப் பக்கம்வரை படிக்கிறார். ஆகவே என் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் மிஷினைக் கழற்றிப் பரண் மேல் போட்டுவிடாதீர்கள். சிகிச்சை செய்யாத நோய்தான் எல்லாவற்றையும்விட ஆபத்து. ஆனால் மிஷினையும் கொஞ்சம் கண் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

எங்களுக்கு விற்ற கடைக்காரர் முதலில் இதைவிட விலை கூடிய வேறு ரகத்தைக் காட்டி, "இது எல்லா வகைக்கும் ஆகும் மேடம்" என்றார். எல்லா வகைக்கும் ஆகாது. இதயம் பலவீனமானவர்களில் சிலருக்குத் தொண்டை அடைப்பால் அல்லாமல், மூளை கட்டளை அனுப்பாததால் மூச்சு நிற்கும். அவர்களுக்கு ஒரு ரக மிஷினைப் போட்டுப் பார்த்த பெரிய ஆய்வில், 2015-ல், போடாதவர்களைவிடப் போட்டவர்களிடம் இதயச் சாவு கூடுதலாக இருந்தது. டாக்டர் சீட்டில் எழுதியதைத் தவிர வேறு எதையும் கடைக்காரர் வாயிலிருந்து வாங்கக் கூடாது.

அதே கடையில் மாஸ்க்கையும் டியூபையும் 'தானே சுத்தம் செய்யும்' ஒரு பெட்டியை 9,000 ரூபாய்க்கு வாங்கினோம். முதல் நாள் திறந்ததும் ஜெராக்ஸ் கடை வாசனை அடித்தது. ஓசோன், மூச்சுக்குழலை எரிச்சலூட்டும் வாயு! அறிவியல் ஆசிரியைக்கு அது அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. சி-பேப் சுத்தம் செய்யும் ஓசோன் பெட்டிகளுக்குத் தாங்கள் அனுமதியே கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியில் எச்சரித்திருந்ததைப் பிறகு படித்தேன். இப்போது மாஸ்க்கை நான்தான் தினமும் மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் காயப்போடுகிறேன். காற்றை ஈரமாக்க மிஷினுக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேட்டால் பேட்டரிக் கடைக்குப் போகச் சொல்கிறார்கள். பேட்டரிக்கு ஊற்றுவதை மனுஷன் மூச்சில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை, மருந்துக் கடையில் சொல்லிவைத்து வாங்குகிறேன்.

2021 ஜூன் 14 அன்று பிலிப்ஸ் நிறுவனம் உலகம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட சுவாச மிஷின்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட்டது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பாலியூரிதேன் நுரைப்பஞ்சு நாளடைவில் பொடிந்து, துகளும் வாயுவும் மூச்சோடு உள்ளே போகலாம் என்பது காரணம். ஓசோன் சுத்தம் அதை இன்னும் பொடிக்கும் என்றும் சொன்னார்கள். பிறகு செய்த சோதனைகளில் பெரிய தீங்கு தெரியவில்லை என்கிறது நிறுவனம். அந்தச் சோதனைகள் போதாது என்றது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். 2024-ல் நீதிமன்ற உடன்பாடும், 110 கோடி டாலர் இழப்பீட்டுச் சமரசமும் வந்தன. எங்கள் மிஷின் வேறு கம்பெனி. ஆனால் அது எனக்குத் தெரிவதற்குள் ஒரு வாரம் ஆயிற்று. மகள் வெளிநாட்டிலிருந்து போன் செய்துதான் விஷயமே தெரியும். கடைக்காரரைக் கேட்டால், "அதெல்லாம் அங்கே மேடம், நமக்கு இல்லை" என்றார். நமக்கும்தான் என்று அறிவிப்பிலேயே இருந்தது.

2022 செப்டம்பரில் காந்தம் பற்றிய எச்சரிக்கை. சில மாஸ்க்குகளின் பட்டையைக் காந்தக் கொக்கியால் மாட்டும்படி செய்திருக்கிறார்கள். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், மாஸ்க் கழுவும்போது என் சேலை ஊக்கு போய் ஒட்டிக்கொண்டது. என் அண்ணனுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர். இவரைப் பார்த்து அவரும் பரிசோதனை செய்து இதே மாதிரி மாஸ்க் வாங்கியிருந்தார். அந்தக் காந்தம் பேஸ்மேக்கர் போன்ற கருவிகளின் வேலையைக் கெடுக்கலாம், போடுபவருக்கு மட்டுமில்லை, பக்கத்தில் படுப்பவருக்கும் பார்க்க வேண்டும் என்பதுதான் எச்சரிக்கை. அன்றைக்கே அண்ணனை டாக்டரிடம் அனுப்பி, காந்தமில்லாத மாஸ்க் மாற்றினோம்.

இன்னொன்று, 2023-ல் இவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். அட்மிஷன் தாளில் சுகர், பிரஷர், ஆஸ்துமா எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, இதற்கு இல்லை. மயக்க மருந்து டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். வார்டில்தான் தகராறு. "வெளி மிஷின் உள்ளே கொண்டுவரக் கூடாதும்மா" என்று நர்ஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டார். மயக்கம் முழுதாகத் தெளியாத நேரம், வலிக்குப் போடும் கடுமையான ஊசி, மல்லாக்கப் படுக்கை, இந்த மூன்றும் சேரும் இரவுதான் இந்த நோயாளிக்கு மிஷின் மிகவும் தேவைப்படும் இரவு. இரவு டியூட்டி டாக்டரை வரவழைத்துப் பேசி, ஒன்பதரை மணிக்கு மிஷின் உள்ளே போனது. அதுவரை நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். பழக்கம்தான்.

கட்டுரையில் சொன்ன மற்றவை பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. தாடையை முன்னுக்குத் தள்ளும் பல் கருவியை என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் போடுகிறார். குறட்டையும் குறைந்தது, மூச்சு நிற்பதும் குறைந்தது என்று பரிசோதனையில் பார்த்துக்கொண்டார். ஆனால் மூன்று வருஷத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி பொருந்தாமல், முறுக்கு கடிக்க முடியவில்லை என்கிறார். உடல் பருமன் உள்ளவர்களின் இந்த நோய்க்கு டிர்செபடைட் ஊசியை அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதித்திருக்கிறார்கள். நம் கடைகளிலும் எடைக் குறைப்புக்கும் சர்க்கரைக்கும் அது வந்துவிட்டது. குமட்டல், வாந்தி ஒரு பக்கம் இருக்க, அது இரைப்பையை மெதுவாகக் காலியாக்குவதால் ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் ஒல்லிக்குச்சி, அவருக்கு அந்த ஊசியால் வேலையே இல்லை. குண்டானவர்களுக்குத்தான் இது வரும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்ததும் சரியில்லை. போனில் வீடியோ பார்த்துவிட்டு வாயில் பிளாஸ்திரி ஒட்டிப் படுப்பவர்களை என்ன சொல்வது! மூக்கடைப்பு உள்ளவர் வாயையும் ஒட்டிக்கொண்டால் மூச்சு எந்த வழியில் போகும்?

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். குறட்டை விளம்பரத்தை வாங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஆனால் அதைக் குறட்டைக் கட்டுரைக்கு அடியில் போடாதீர்கள். இரண்டாவது, மருத்துவ மிஷின் எதையாவது திரும்பப் பெறுகிறார்கள் என்றால் மாடல் பெயரோடு நாலு வரி போடுங்கள். இடம் இல்லை என்று சொல்ல முடியாது. தினமும் தங்கம் விலை போடும் கட்டத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலம் சும்மாதான் கிடக்கிறது, நான் அளந்தே பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
அருப்புக்கோட்டை.

(பெயர் வேண்டாம். அவர் தினமும் டீக்கடைக்குப் போய் வர வேண்டியவர்.)